கட்டுமரத்தை முதல்ல அவிழ்க்கணும்

நம்ம காலேஜ் மெயின் பிளாக் முன்னாடி, தண்ணியே வராத அந்த ஃபவுன்டன் பக்கத்துல, ஒரு பழைய கட்டுமரம் வரப்போகுது. ஃபெஸ்ட் வாட்ஸ்அப் குரூப்ல இருக்கிறவங்க டிசைனைப் பார்த்திருப்பீங்க. பளபளன்னு மின்னுற மரம், கீழே நீலக் கலர் எல்.இ.டி., பின்னாடி 'நம் பாரம்பரியம்'னு ஒரு போர்டு, பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்க ஒரு மேடை.

மரம் ஏற்கெனவே வந்தாச்சு. கோவளம் குப்பத்துல இருந்து மினி லாரியில ஏத்திட்டு வந்து, வொர்க்ஷாப் பின்னாடி தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க. அஞ்சு கட்டைகள். ரெண்டு நல்லா இருக்கு, ரெண்டு சுமார், ஒண்ணு உள்ளுக்குள்ள புழு தின்ன கட்டை.

ஐடியா கெட்ட ஐடியா இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன். கமிட்டியில என் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் இருக்காங்க, நாளைக்கு கேன்டீன்ல அவங்க முகத்துல முழிக்கணும். ஆனா அந்த மரத்தை 'ரெஸ்டோர்' பண்ண அவங்க போட்டிருக்கிற பிளான் எனக்கு உடன்பாடு இல்ல. பிளான் இதுதான்: ஓட்டைகளை புட்டி வச்சு அடைக்கிறது, அழுகின கயிறை வெட்டிப் போட்டுட்டு கட்டைகளை ஸ்டீல் போல்ட்டால முறுக்குறது, மேல எபாக்சி ரெசின் ஊத்தி மொத்தமா சீல் பண்றது. பத்து வருஷம் தாங்கும்னு சொல்றாங்க.

என் கருத்து இது. கட்டுமரம் அவிழ்க்கிறதுக்காகவே செஞ்ச பொருள். அதை இனிமே அவிழ்க்கவே முடியாதபடி ஒட்டி வச்சா நாம அதைக் காப்பாத்தல, கட்டுமரம் மாதிரி தெரியுற ஒரு பெஞ்சைத்தான் செய்றோம்.

நாலு ஞாயித்துக்கிழமை

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? பெருசா ஒண்ணும் இல்ல. நான் முடிச்சூர் பையன். கடல்னா எனக்கு பெசன்ட் நகர் பீச்சும் மொளகா பஜ்ஜியும்தான். ஆனா போன வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் மினி புராஜெக்ட்டுக்கு மிதப்பு விசை பத்தி ஏதாவது செய்யணும்னு தேடிக்கிட்டு இருந்தப்போ, ரெண்டு வருஷமா என் பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தன் மெதுவா சொன்னான்: "எங்க தாத்தா மரம் ஒண்ணு இருக்குடா. பிரிச்சுக் கட்டப் போறாராம். வரியா?"

அவன் கோவளம் குப்பத்துப் பையன்கிறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் யார் கேட்டாலும் "கேளம்பாக்கம் பக்கம்"னு மட்டும் சொல்வான். ஏன்னு நான் கேக்கல. முதல் வருஷம் ஹாஸ்டல் பசங்க சிலர் மீன் வாசனைன்னு அடிச்ச ஜோக்குக்கு நானும் சிரிச்சிருக்கேன். (பேர் போட வேணாம்னு சொன்னான். போடல.)

தாம்பரத்துல இருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியா கோவளம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். நாலு ஞாயித்துக்கிழமை போனோம். முதல் நாள் நான் ஒரு நோட்டு, டேப், வெர்னியர் காலிப்பர் எல்லாம் எடுத்துட்டுப் போனேன். தாத்தா அந்த வெர்னியரைப் பார்த்துட்டு, "இன்னா கண்ணு, நண்டு புடிக்கவா?"ன்னு கேட்டார்.

முதல் ஞாயித்துக்கிழமை முழுக்க நாங்க செஞ்சது ஒரே வேலை: அவிழ்த்தது. அஞ்சு கட்டையையும் பிரிச்சு, எது எந்த இடத்துல இருந்துச்சுன்னு மனசுல வச்சுக்கிட்டு (நான் சாக்பீஸ்ல நம்பர் போட்டேன், தாத்தா சிரிச்சார்), நிழல்ல தனித்தனியா மணல்ல போட்டோம். நனைஞ்சிருந்த நடுக்கட்டையைத் தூக்க நாலு பேர் வேணும். மூணாவது ஞாயித்துக்கிழமை, அதே கட்டையை நானும் அவனும் ரெண்டே பேரா தூக்கிட்டோம்.

"ஏன் தாத்தா, அப்படியே வெயில்ல காயவச்சா ஆவாதா? எதுக்கு முழுசா அவுக்கணும்?"னு கேட்டேன்.

"கட்டிப் போட்டா நடுவுல இருக்கிற ஈரம் எங்க போவும்? மரம் மூச்சு வுடணும் பா."

அந்த ஒரு வரியை எங்க ரிப்போர்ட்ல நாலு பக்கமா எழுதினோம். உள்மதிப்பீட்டுல 20-க்கு 18.

மூச்சு விடுற மரத்தோட கணக்கு

நாலு பக்கத்தை இங்க சுருக்கிச் சொல்றேன். கணக்கு பிடிக்காதவங்களும் படிங்க, ஆர்க்கிமிடீஸ் மட்டும்தான்.

கட்டுமரம் படகு இல்ல. படகுக்கு ஒரு குழி இருக்கும், குழிக்குள்ள காத்து இருக்கும், அந்தக் காத்துதான் அதை மிதக்க வைக்கும். தண்ணி உள்ள வந்தா முழுகிடும். கட்டுமரத்துக்கு உள்ளேன்னு ஒண்ணு கிடையாது. கட்டையே மிதக்கும். அலை மேல ஏறினா தண்ணி கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற சந்து வழியா கீழ போயிடும். கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறிக்கலாம். அதனாலதான் நம்ம கரை மாதிரி அலை நேரா வந்து உடையுற இடத்துக்கு இது சரியா இருந்துச்சு.

மிதக்கிறது கட்டையோட எடைய நம்பி இருக்கு. ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். அஞ்சு கட்டையும் சேர்த்து 0.6 கன மீட்டர்னு வச்சுக்குங்க. கடல் தண்ணி அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோ. முழுசா அமிழ்ந்தா 615 கிலோ தண்ணிய இடம் பெயர்க்கும். காய்ஞ்ச மரத்தோட அடர்த்தி 350-ன்னா கட்டை எடை 210 கிலோ. மிச்சம் 405 கிலோ வரைக்கும் ஆள், வலை, மீன் ஏத்தலாம். அதே மரம் தண்ணி குடிச்சு 600 ஆயிடுச்சுன்னா கட்டை எடையே 360 கிலோ. மிச்சம் 255 கிலோ. வித்தியாசம் 150 கிலோ, அதாவது ரெண்டு ஆள். மரம் காயலன்னா ரெண்டு பேர் வீட்டுல இருக்கணும், இல்லன்னா பிடிச்ச மீனைக் கடல்லயே விடணும்.

கட்டுமரக்காரங்க கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயப் போட்டதுக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கப்பல் புழு. பேருதான் புழு; உண்மையில அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். ஊசி முனை அளவு ஓட்டை போட்டு மரத்துக்குள்ள போகும், உள்ளயே வளர்ந்து குடைஞ்சுக்கிட்டே போகும். வெளிய பார்த்தா கட்டை முழுசா இருக்கும், உள்ள தேன்கூடு. லண்டன்ல தேம்ஸ் நதிக்குக் கீழ சுரங்கம் தோண்டின மார்க் புரூனெல், தன்னோட தோண்டும் கவசத்துக்கான யோசனையை இந்தப் புழுகிட்ட இருந்துதான் எடுத்தார்னு சொல்வாங்க. அந்தச் சுரங்கம் 1843-ல திறந்தது. புழு பெரிய இன்ஜினியர்தான், ஆனா அதுக்கு ஈரம் வேணும். மரம் நல்லா காய்ஞ்சா செத்துடும். அதனால அவிழ்த்துக் காயவைக்கிறது பராமரிப்பும் மருந்தும் ஒண்ணா.

இப்போ நம்ம கமிட்டியோட எபாக்சிக்கு வாங்க. வொர்க்ஷாப் பின்னாடி இருக்கிற கட்டைகள் முழுசா காயல. நான் தட்டிப் பார்த்தேன். காய்ஞ்ச கட்டை 'ணங்'னு பேசும், ஈரக்கட்டை 'தொம்'னு சொல்லும். இது தாத்தா சொல்லிக் கொடுத்த நான்-டெஸ்ட்ரக்டிவ் டெஸ்டிங். உள்ள ஈரத்தோட இருக்கிற மரத்தைச் சுத்தி ரெசின் ஊத்தினா ஈரம் வெளிய போக வழி இல்ல. வெளிய கண்ணாடி மாதிரி பளபளக்கும், உள்ள அழுகிக்கிட்டே இருக்கும். பத்து வருஷம் தாங்கப் போறது ரெசின் ஓடுதான்.

போல்ட்? மெக்கானிக்கல் பசங்களுக்கு நான் சொல்லணுமா? ஓட்டை போட்ட இடத்துல அழுத்தம் குவியும், மென்மையான மரம் அங்கேதான் பிளக்கும். கயிறு கட்டு விசையைச் சுத்திப் பரவவிடும். ஒரு கட்டை மேல அலை அடிச்சா அது கொஞ்சம் அசைஞ்சுக்கும், பக்கத்துக் கட்டையை உடைக்காது. தென்னை நார்க் கயிறு நனைஞ்சா ஊதி இன்னும் இறுக்கமா பிடிக்கும். நைலான் வழுக்கும், இழுபடும். நாலாவது ஞாயித்துக்கிழமை நான் போட்ட முடிச்சைத் தாத்தா மூணு தடவை அவிழ்த்துட்டு, நாலாவது தடவை என் கைய பிடிச்சுக்கிட்டே போட்டார். யூடியூப்ல அதுக்கு வீடியோ தேடினேன். அந்த அழுத்தம் எவ்வளவுன்னு எந்த வீடியோவுலயும் தெரியல.

பேர் உலகம் பூரா, பொருள் தார்ப்பாய்க்குக் கீழ

நம்ம ஊர்ப் பேர் உலகத்துக்கே போன கதை உங்களுக்குத் தெரியும். கடல் பயணி வில்லியம் டாம்பியர் 1697-ல வெளியிட்ட பயணப் புத்தகத்துல சோழமண்டலக் கரையோட கட்டுமரத்தைப் பத்தி எழுதியிருக்கார். அந்தச் சொல் இங்கிலீஷுக்குப் போய் 'கேட்டமரான்' ஆச்சு. வேடிக்கை என்னன்னா, இன்னிக்கு அந்தப் பேர்ல ஓடுற ரெட்டை உடல் படகுக்கும் நம்ம கட்டுமரத்துக்கும் சம்பந்தமே இல்ல. அமெரிக்கால நதானியல் ஹெரஷாஃப் 1876-ல 'அமரில்லிஸ்'னு ரெட்டை உடல் படகு ஒண்ணைப் பந்தயத்துல ஓட்டினார். அந்த வடிவத்துக்கு முன்னோடிகள் பசிபிக் தீவுக்காரங்க. சொல் நம்மது, வடிவம் அவங்களது. நாம சொல்லை வச்சுப் பெருமைப்பட்டுக்கிட்டு பொருளைக் கோட்டை விட்டோம்.

மெட்ராசுக்கு 19-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதி வரைக்கும் ஒழுங்கான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும். ஆளும் சரக்கும் கரைக்கு வர்றது மசூலா படகுல. பலகைகளை ஆணி இல்லாம கயிறால தைச்ச படகு அது, அலையில வளைஞ்சு கொடுக்கும். அந்தப் படகும் போக முடியாத அளவுக்குக் கடல் கொந்தளிச்சா, கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல கடிதம் கொண்டு போனது கட்டுமரக்காரங்க, தொப்பிக்குள்ள நனையாம வச்சு. மசூலாவுல இருந்து யாராவது தண்ணிக்குள்ள விழுந்தா தூக்கினதும் அவங்கதான்.

சென்னை மாகாண மீன்வளத் துறையோட இயக்குநரா இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920-ல இந்தியப் படகு வடிவங்களைப் பத்தி ஒரு ஆய்வை வெளியிட்டார். கரைக்குக் கரை மரம் எப்படி மாறுது, கோலா மீன் பிடிக்க எப்படிப் பெரிய மரம் கட்டுறாங்கன்னு எல்லாம் கவனிச்ச மனுஷன். நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரர் கரையில உக்காந்து நோட்டு எடுத்திருக்கார். 30 கிலோமீட்டர்ல இருக்கிற நாம போய்க் கேக்கல.

சரி, நம்ம பக்கத்துல யார் இருக்காங்கன்னு பாருங்க. வேளச்சேரி–தாம்பரம் ரோட்டுல, பள்ளிக்கரணையில தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம். உத்தண்டியில இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். அடையாறுல ஐ.ஐ.டி., அதுல கடல் பொறியியலுக்குன்னே ஒரு துறை. கடலைப் பத்திப் படிக்க தென்சென்னை மாதிரி இடம் நாட்டுல ரொம்பக் கம்மி. நாலு வருஷத்துல நம்மள்ல எத்தனை பேர் அங்க எட்டிப் பார்த்திருப்போம்?

படம் வரையத் தெரிஞ்சா போதாது

"அதெல்லாம் சரி, இதை ஃபோட்டோகிராமெட்ரி பண்ணி 3டி மாடல் எடுத்துட்டா போதுமே, அறிவு பத்திரமா இருக்குமே"ன்னு கமிட்டியில ஒருத்தர் சொன்னார். நியாயமான கேள்வி. அதுக்கு ரெண்டு உதாரணம்.

முதல் உதாரணம் 'ஐ.என்.எஸ்.வி. கௌண்டின்யா'. 2025 மே 21-ல கார்வார் கடற்படைத் தளத்துல நம்ம கடற்படையில சேர்ந்த தையல் கப்பல். அஜந்தாவுல இருக்கிற 5-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒண்ணை வச்சு வடிவமைச்சது. பழைய வரைபடம் எதுவும் இல்ல, ஓவியம் மட்டும்தான். மாதிரி செஞ்சு தண்ணியில எப்படி நடந்துக்குதுன்னு சோதனை பண்ணது, மேல சொன்ன அதே ஐ.ஐ.டி. மெட்ராஸ் கடல் பொறியியல் துறை. ஆனா பலகைகளைத் தென்னை நாரால தைச்சது யார்? கேரளாவுல இருந்து வந்த தச்சர்கள், ஒரு மூத்த தச்சர் தலைமையில. கம்ப்யூட்டர்ல கப்பலை வரையலாம். தையல் எவ்வளவு இறுக்கமா இருக்கணும்னு தெரிஞ்ச கை இல்லன்னா அது படமாவே இருந்திருக்கும். அந்தக் கைகள் இன்னும் கேரளாவுல மிச்சம் இருந்தது நம்ம அதிர்ஷ்டம்.

ரெண்டாவது உதாரணம் கனடாவோட மேற்குக் கரை. ஹைடா மக்கள் ஒரே சிடார் மரத்தைக் குடைஞ்சு பெரிய ஓடங்கள் செய்றவங்க. இடையில பல பத்தாண்டுகளா அந்த மாதிரி பெரிய ஓடம் செய்றது கிட்டத்தட்ட நின்னே போச்சு. பழைய ஓடங்கள் மியூசியத்துல பத்திரமா இருந்துச்சு, செய்யத் தெரிஞ்சவங்கதான் குறைஞ்சுட்டாங்க. வான்கூவர்ல 1986-ல நடந்த உலகக் கண்காட்சிக்காக பில் ரீட்ங்கிற ஹைடா சிற்பி, குழுவோட சேர்ந்து சுமார் 15 மீட்டர் நீளத்துல 'லூடாஸ்'னு ஒரு ஓடம் செஞ்சார். அதோட நிக்கல. 1987-ல அதே ஓடத்தைத் துடுப்பு போட்டு வான்கூவர்ல இருந்து ஹைடா தீவுகளுக்கே கொண்டு போனாங்க. 1998-ல பில் ரீட் இறந்தப்போ அவரோட அஸ்தியைச் சுமந்துட்டுப் போனதும் அந்த ஓடம்தான்.

மியூசியத்துல இருந்த ஓடங்கள் வேண்டாம்னு நான் சொல்லல. அதைப் பார்த்துப் படிச்சதாலதான் பில் ரீட்டால செய்ய முடிஞ்சது. ஆனா கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தவரைக்கும் அதுங்களால ஒரு ஆளைக்கூட ஓடம் செய்ய வைக்க முடியல. ஒருத்தர் உளி எடுத்து, செஞ்சதைத் தண்ணியில விட்ட பிறகுதான் அடுத்தவங்க கத்துக்க ஆரம்பிச்சாங்க. 3டி மாடல் நல்லது. எடுப்போம். ஆனா அது ரெக்கார்டு நோட்டு மாதிரி. ரெக்கார்டு நோட்டு முழுசா இருந்தா லேப் செஞ்சதா அர்த்தமான்னு நம்ம மனசாட்சிக்குத் தெரியும்.

"யாருடா இப்போ கட்டுமரத்துல போறா?"

இதுதான் உண்மையான எதிர்க்கேள்வி. இதை மழுப்பாம பேசணும்.

கட்டுமரத் தொழில் சுகமான தொழில் இல்ல. நாள் பூரா இடுப்புக்குக் கீழ ஈரம். விடியறதுக்கு முன்னாடி போகணும், காத்து மாறினா துடுப்பு போட்டே திரும்பணும். 2004 டிசம்பர் 26 சுனாமியில கரையில இருந்த மரங்கள் எத்தனையோ போச்சு. அதுக்கப்புறம் நிவாரணமா வந்தது பெரும்பாலும் ஃபைபர் படகு. மோட்டார் மாட்டலாம், வேகமா போகலாம், தினமும் அவிழ்த்துக் கட்ட வேணாம். அந்தப் படகுக்கு மாறினவங்களைக் குறை சொல்ல தாம்பரத்துல ஃபேன் கீழ உக்காந்திருக்கிற எனக்கு உரிமை கிடையாது.

இன்னொண்ணும் சொல்றேன். 2015 டிசம்பர்ல அடையாறு உடைச்சுக்கிட்டு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வந்தப்போ நான் அஞ்சாவது படிச்சேன். எங்க வீட்டுல மாடிப்படியில ஏழாவது படி வரைக்கும் தண்ணி. கடற்கரைக் குப்பங்கள்ல இருந்து மீனவர்கள் படகை லாரியில ஏத்திட்டு வந்து தெருத்தெருவா ஆளுங்களை எடுத்தாங்க. எங்க ஆயாவை இடுப்போட தூக்கிப் படகுல உக்கார வச்ச அந்த அண்ணன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அது ஃபைபர் படகுதான். கட்டுமரம் இல்ல.

அதனால ஃபைபரை ஒழிச்சுட்டு எல்லாரும் மரத்துக்குத் திரும்புங்கன்னு நான் எழுதல. தாத்தாவே அதை ஒத்துக்க மாட்டார். "என் பேரன் மரம் ஏற வேணாம்னுதான் படிக்க வச்சேன்"னு நேராவே சொன்னார். அடுத்த நிமிஷம் அதே பேரன்கிட்ட "அந்த வாச்சிய எடு, இப்டி சாய்ச்சுப் புடி"ன்னு செதுக்கக் கத்துக் கொடுத்தார். ரெண்டும் அவருக்கு முரணா தெரியல. தொழில் பண்ண வேணாம், ஆனா தெரியாம இருக்க வேணாம்.

எனக்கும் அதுதான் தோணுது. நாம யாரும் நீராவி இன்ஜின் ஓட்டப் போறதில்ல, ஆனா ரேங்கைன் சைக்கிள் படிக்கிறோம். ஆணி இல்லாம, பசை இல்லாம, உதிரி பாகத்தை ஒரு மணி நேரத்துல மாத்தக்கூடிய, முழுக முடியாத, ஆயுசு முடிஞ்சதும் அடுப்புக்குப் போகக்கூடிய ஒரு கலத்தை ஏன் படிக்கக் கூடாது? உடைஞ்ச ஃபைபர் படகுகள் கரையோரம் கிடக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதை மக்க வைக்கவும் முடியாது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. 'டிசைன் ஃபார் டிஸ்அசெம்பிளி'ன்னு ஒரு சாப்டரே நமக்கு இருக்கு. அதுக்கு உதாரணம் புத்தகத்துல ஏதோ வெளிநாட்டு நாற்காலி. அந்தப் பக்கத்துல கட்டுமரம் வரவேண்டிய இடம் காலியா இருக்கு.

அது யார் கட்டின மரம்?

இப்போ இந்தக் கட்டுரையை ஏன் அவசரமா எழுதுறேன்னு சொல்றேன்.

நம்ம வொர்க்ஷாப் பின்னாடி இருக்கிற மரத்தோட போட்டோவை என் நண்பன் தாத்தாகிட்ட காட்டினான். போனை எட்ட வச்சு, கிட்ட வச்சுப் பார்த்துட்டு அவர் சொன்னது: "இது எங்க மச்சான் கட்டின மரமாச்சே. மூக்கு செதுக்கினது அவன் கை. இத்த இன்னா பண்ணப் போறீங்க?"

நண்பன் பதில் சொல்லலையாம். 'போல்ட் போட்டு ரெசின் ஊத்தப் போறோம் தாத்தா'ன்னு எப்படிச் சொல்வான்?

மரத்தை வாங்க விலை பேசினோம். லாரி பேசினோம். எல்.இ.டி.க்கு மூணு கொட்டேஷன் வாங்கினோம். மரம் கட்டத் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு எங்க யாருக்கும் தோணல. எங்கன்னுதான் சொல்றேன், என்னையும் சேர்த்து. போர்டுல 'நம் பாரம்பரியம்'னு எழுதப் போறோம். அந்த 'நம்'ல யார் இருக்காங்க? மீன் வாசனை ஜோக்குக்கு சிரிச்ச நான் இருக்கேன். அந்த மரத்தோட மூக்கைச் செதுக்கினவரோட வீட்டுப் பையன், ஊர்ப் பேரை மாத்திச் சொல்லிக்கிட்டு ரெண்டு வருஷம் என் பக்கத்துல உக்காந்திருந்தான்.

கமிட்டிக்கு நான் வைக்கிற கோரிக்கை நாலு.

ஒண்ணு, ரெசினும் போல்ட்டும் வேணாம். மரத்தை அவிழ்ப்போம். நிழல்ல காயவைப்போம். வாரத்துக்கு ஒரு தடவை எடை போட்டு, குறையுறது நிக்கிற வரைக்கும் காத்திருப்போம். சிவில் லேப்ல தராசு சும்மாதான் இருக்கு.

ரெண்டு, புழு தின்ன கட்டையை எடுத்துட்டுப் புதுக்கட்டை போடுவோம். 'பழைய மரம்'கிற மதிப்பு போயிடுமேன்னு கவலைப்படாதீங்க. நாங்க கோவளத்துல கட்டின மரத்துலயே ரெண்டு கட்டை புதுசு. "அப்போ இது பழைய மரமா, புது மரமா தாத்தா?"ன்னு கேட்டேன். "கட்டை மாறும் கண்ணு, கட்டு மாறாது"ன்னார். எடுத்த பழைய கட்டையைக் குறுக்கால அறுத்து, புழு போன பாதை தெரியுற மாதிரி மெட்டீரியல்ஸ் லேப்ல வைக்கலாம். அதைப் பார்க்கவே ஜூனியர்ஸ் வருவாங்க.

மூணு, கட்டத் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுவோம். வேடிக்கை காட்ட இல்ல, சொல்லிக் கொடுக்க. செமினாருக்கு வர்ற விருந்தினருக்கு என்ன மதிப்பூதியம் தர்றோமோ அதே தொகை, அதே சால்வை, அதே ஏ.சி. ரூம் டீ. அவர் சொல்ற ஒவ்வொரு பாகத்தோட பேரையும், ஒவ்வொரு முடிச்சையும் தமிழ்ல எழுதி, வீடியோ எடுத்து, இந்த இதழ்லயே வெளியிடுவோம்.

நாலு, வருஷத்துக்கு ஒரு நாள் அது தண்ணிக்குப் போகணும். கோவளத்துக்கே கொண்டு போய், லைஃப் ஜாக்கெட் போட்டு, அவங்க சொல்ற நாள்ல, அவங்க கண்காணிப்புல. மிச்ச நாள் ஃபவுன்டன் பக்கத்துல நிக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்ல. வேணும்னா எல்.இ.டி.யும் போட்டுக்குங்க. ஆனா ஒவ்வொரு வருஷமும் ஒரு பேட்ச் அதை அவிழ்க்கணும், காயவைக்கணும், மறுபடி கட்டணும். நாலு வருஷத்துல நாலு பேச்சுக்கு அந்த முடிச்சு தெரிஞ்சிருக்கும்.

ரெசின் டப்பா திங்கட்கிழமை வருதுன்னு கேள்விப்பட்டேன். அதைத் திறக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு சனிக்கிழமை கொடுங்க. தாத்தா வர்றேன்னு சொல்லியிருக்கார். கேட்ல யாரைப் பார்க்கணும்னு கேட்டா, வொர்க்ஷாப் பின்னாடி இருக்கிற அவரோட மச்சான் மரத்தைப் பார்க்க வந்திருக்கார்னு சொல்லி, நானும் என் நண்பனும் போய்க் கூட்டிட்டு வர்றோம். அவன் இந்தத் தடவை ஊர்ப் பேரைச் சரியாவே சொல்லிக்கிறேன்னு சொல்லியிருக்கான்.

கயிறு நாங்க வாங்கிட்டு வர்றோம். அவிழ்க்க நாலு பேர் வேணும். யார் வர்றீங்க?